சாவித்ரி பின்னிய நீலக் குருவி

தம்பானூர் ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவைச் சொல்லும் குரல் சாவித்ரியுடையது. மலையாளம், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் சொல்வாள். வீட்டில் பேசும் தமிழ் மட்டும் அந்த மைக்குக்குத் தெரியாது.

தொண்ணூற்றெட்டில், மழை பிடித்துக்கொண்ட நாட்களில், அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. "யாத்ரக்காருடெ ஸ்ரத்தய்க்கு" என்று பயணிகளின் கவனத்தைக் கேட்டு ஆரம்பித்தால் பாதியில் வெறும் காற்றுதான் வந்தது. குரல்நாணில் சின்னக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் அவர் சொல்லும்வரை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது.

"நான் கேக்கறதுக்குத் தலையாட்டினாப் போறும். வாயைத் திறக்கப்படாது, கேட்டியா?" என்று சொல்லிவிட்டுக் கணவர் கல்யாணராமன் தினமும் ஆபீஸ் போனார்.

வலியசாலை வீட்டில் பகல் முழுவதும் மழையின் சத்தம். இடையிடையே தம்பானூரிலிருந்து வண்டியின் ஊதல் மிதந்து வரும். இது நாகர்கோவில் பாசஞ்சர், இது வேணாடு எக்ஸ்பிரஸ் என்று அவள் உதடுகள் தாமாக அசையும். பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயபாய் வந்தாள். பாறசாலைக்காரி, ரிசர்வேஷன் கவுண்டரில் வேலை, ஓய்வு நேரத்தில் மடியில் எப்போதும் நூல் பின்னும் குரோஷா ஊசி. கையோடு நீல நூல்கண்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். மகள் பொன்முடி மலைக்குச் சுற்றுலா போகப் பின்னிய ஸ்வெட்டரின் மிச்சம்.

"எக்கா, சும்மா இருந்தா நீங்க பேசிப்போடுவிய. ஒரு குருவி செய்யுங்க. பயப்படண்டாம், எல்லாம் ஒரே பின்னல்தான்."

வளையம் போட்டு, கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலை இழுத்துக் காட்டிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

சாவித்ரி அதுவரை ஊசி பிடித்தவள் இல்லை. முதல் வளையத்தை இறுக்கிப் பின்னினாள். அடுத்த சுற்றுக்கு ஊசி நுழையவே மறுத்தது. தளர்த்தினாள், விரல் புகும் ஓட்டைகள் விழுந்தன. சந்தேகம் கேட்கக் குரலில்லை. பிரித்தாள், பின்னினாள், மறுபடி பிரித்தாள். சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டியபோது தட்டுப்போல விரிந்தது. கூட்ட மறந்த அன்று அதுவே கிண்ணம்போலக் குழிந்துகொண்டது. அதைத் தலை என்று வைத்துக்கொண்டாள்.

பிற்பகல்களில் நூல் விரல்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். ஒருநாள் கனவில் நடைமேடை முழுவதும் நீர் நின்றது. தண்டவாளங்கள் நீல நூலாக வளைந்து வளைந்து போயின. அவள் மைக்கில் சொல்கிறாள், சத்தமே இல்லை. ஆனால் வண்டிகள் மெல்ல மிதந்து, சரியான இடத்தில் வந்து நின்றன. ஆட்கள் நனையாமல் இறங்கிப் போனார்கள். விழித்தபோது கண்ணீர் வழிந்திருந்தது. துக்கமா, நிம்மதியா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒரு சாயங்காலம் இலவம்பஞ்சை அடைத்து, சிறகுகளைத் தைத்து, மேஜைமேல் குருவியை நிறுத்தினாள். ஒரு சிறகு காதுபோல மேலே இருந்தது. குருவி யோசிப்பதுபோல ஒரு கணம் நின்று, மூக்கு மேஜையில் படக் குப்புற விழுந்தது. நிமிர்த்தினாள். மறுபடி அதே வணக்கம்.

சாவித்ரி சிரித்துவிட்டாள். அடியாழத்திலிருந்து, கனமாக, பழக்கமில்லாத ஒரு சத்தம்.

"யாரது? யார் வந்திருக்கா?" சமையலறையிலிருந்து கல்யாணராமன் ஓடிவந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குருவியைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து அவரும் சிரித்தார்.

டாக்டர் பேச அனுமதித்தபோது வந்த குரல் பழையதல்ல. ஒரு படி இறங்கி, ஓரத்தில் சற்றுக் கரகரத்தது. இதை வைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்காரவா என்று பல நாள் தயங்கினாள். மழை ஓய்ந்த பிறகு ஒரு காலையில் போய் உட்கார்ந்தாள்.

அன்று வேணாடு தாமதம். அதைச் சொல்லி முடித்ததும் ஜெயபாய் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வெளிய நிண்ணு கேட்டேன் எக்கா. இந்தச் சத்தம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. வண்டி லேட்டுண்ணாலும் ஆருக்கும் கோவம் வராது."

சாவித்ரி சன்னல் வழியாகப் பார்த்தாள். நடைமேடையில் ஒருவர் பெட்டியை இறக்கி வைத்து, அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டிருந்தார்.