மரம் செதுக்க ஒரு கத்தி

போன வருஷத்து மழைக்காலத்தில் நடந்தது இது. தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

அவள் படிக்கப் போன பிறகு சாயங்காலங்கள் நீண்டுகொண்டே போயின. எஸ்டேட்டில் பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கினால் தூரும் வேருமாகக் குவிந்து கிடக்கும். எல்லோரும் விறகுக்கு எடுத்து வருவோம். ஒருநாள் அடுப்புக்காகப் பிளந்த துண்டில் தேன் நிறத்தில் வரிவரியாக ரேகை ஓடியது. எரிக்க மனசு வரவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கரண்டி செதுக்கப் பழகினேன். முதலில் செய்ததைப் பார்த்து மகள், "துடுப்பாம்மா?" என்று கேட்டாள். போகப் போகக் கை பழகிவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கென்று ஒரு ஆசை வந்திருந்தது.

ஆனால் என்னிடம் இருந்தது காய் நறுக்குகிற கத்திதான். ஒருநாள் அது வழுக்கி, இடது பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டை ஒட்டி இறங்கிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நாலு தையல். "செய்யணும்னா அதுக்குன்னு உள்ள கத்திய வாங்கிச் செய்யுங்க" என்றார் டாக்டர். போனில் இரண்டு தடவை ஆர்டர் போட்டேன். இரண்டு தடவையும் உங்கள் பகுதிக்கு அனுப்ப முடியாது என்று ரத்தாகிவிட்டது.

அதனால் டவுனில் இருக்கும் இரும்புக்கடைக்குப் போனேன். சில மாதத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் தகராறு முற்றி ஒருவரைக் குத்திவிட்டார்கள். அதிலிருந்து போலீஸார் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, சமையல் கத்தி தவிர வேறு எந்தக் கத்தி விற்றாலும் வாங்குபவர் பேர், போன் நம்பர், ஆதார், காரணம் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். எனக்கு முன்னால் நின்றவர் தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணுகிற வேலைக்காரர். கையில் ஆதார் இல்லை என்பதால் மழையில் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

கடைக்காரர் மலையாளி. நன்றாகத் தமிழ் பேசுவார். நான் சின்ன அலகும் கூர் முனையும் உள்ள கத்தியைக் கேட்டதும் பேனாவை எடுத்தார்.

"எதுக்கு சேச்சி?"

"மரம் செதுக்க."

"யாரு, சேச்சியா?"

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண் என் கைக்கட்டில் போய் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுல ஏதும் பிரஸ்னம் உண்டா?" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரைக் கண்டதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கத்தியைக் கொடுத்தார். நோட்டில் மரவேலை என்று எழுதினார். என் கைக்கு வேண்டிய கத்திக்கு வீட்டுக்காரர் முகம் தேவைப்பட்டதே என்று எனக்கு ஒரு கடுப்பு. ஆனால் கத்தி என்னவோ அருமையான கத்தி. வெண்ணெயில் இறங்குவது போல மரத்தில் இறங்கியது.

மூன்றே நாள். காப்பகத்தில் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் வந்து கூப்பிட்டார். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. பத்து வீட்டு வாசலிலும் தலைகள். ஒரு பெண் போலீஸும் இன்னொருவரும் உள்ளே வந்து கத்தியைக் கேட்டு வாங்கினார்கள். என் கையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"வீட்டில வழக்கு உண்டோ?" என்றார் அந்தப் பெண் போலீஸ். மலையாளத்தில் வழக்கு என்றால் சண்டை.

"இல்லையே மேடம்."

"அப்படி இல்லையே, விவரம் கிட்டியிருக்கு."

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் சண்டை நடந்தது உண்மை. மகளுக்கு வந்த ஒரு சம்பந்தத்தைப் பற்றி, படிப்பு முடியட்டும் என்று நானும், நல்ல இடத்தை விடக்கூடாது என்று அவரும் அதற்கு முந்தின வாரம் சத்தம் போட்டுப் பேசியிருந்தோம். வீட்டுக்குள் பேசியதுதான். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு வீடு.

கத்தியைக் கொண்டுபோய்விட்டு, வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அன்று மத்தியானமே காப்பகத்தைக் கவனிக்கும் அதிகாரி கூப்பிட்டார். விஷயம் முடிகிறவரை லீவில் இருக்கும்படி தன்மையாகத்தான் சொன்னார். முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது ஒரு தாய் என் கையிலிருந்து குழந்தையைச் சட்டென்று வாங்கிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான் வாங்குவாளோ என்னவோ, அன்று எனக்கு அது உறைத்தது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொழுந்து பறிக்கிறவர். பத்தொன்பது வருஷமாக அவரை மதினி என்றுதான் கூப்பிடுகிறேன். என் மகள் பிறந்த சமயம் எனக்குப் பத்தியச் சாப்பாடு போட்டவர். அதெல்லாம் அன்று ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் சண்டைக்கு மறுநாள் அவர், "ஏன் பிள்ள, மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. ஓகோ, துப்பறிந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் டவுனுக்குப் போன நாளை எண்ணிப் பார்த்தேன். யாருடன் போனில் பேசினார் என்று யோசித்தேன். எல்லாம் அழகாகப் பொருந்தி வந்தது.

சாயங்காலம் குழாயடியில் அவர் குடத்தோடு வந்து நின்றார். ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் உரக்கச் சொன்னேன்: "செவத்துல காத வச்சுக் கேட்டு ஸ்டேஷன்ல போயி ஊதுறவங்க குடும்பமும் நல்லா இருக்கட்டும்."

மதினி பாதி நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு, பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால்கூட எனக்கென்று போடுவதாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. உட்காரச் சொன்னார். மேஜையில் என் கத்தி இருந்தது. அதற்குப் பக்கத்தில் நான் செதுக்கிய ஒரு கரண்டியும், மடித்த காகிதமும் இருந்தன. கரண்டி இங்கே எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"உங்க பக்கத்து வீட்டு அம்மா நேத்து வந்து வச்சிட்டுப் போனதாணு" என்றார். மதினிக்கு நான் கொடுத்த கரண்டிதான். "இதத்தான் இந்தப் பிள்ள செய்யுது, கத்திய வச்சு வேற ஒண்ணும் செய்யாதுன்னு ஒரு மணி நேரம் இங்க நின்னு பறஞ்சாங்க."

காகிதத்தைப் பிரித்தேன். என்னிடம் குழந்தை விடுகிற பதினோரு தாய்மாரின் கையெழுத்து. குழந்தையைச் சட்டென்று வாங்கிக்கொண்டாளே, அவளுடையதுதான் முதல் கையெழுத்து. மதினி அரை நாள் வேலையை விட்டு, மழையில் வீடு வீடாகப் போய் வாங்கியிருக்கிறார். அதுவும் நான் குழாயடியில் அப்படிப் பேசியதற்கு மறுநாள்.

"அப்ப எங்களப் பத்திச் சொன்னது யாரு சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

கடைக்காரர்தான் என்றார் எஸ்.ஐ. நான் பதில் சொல்லாமல் இறங்கி வந்த அன்றே, கையில் வெட்டுக் கட்டோடு ஒரு பெண் கூர்க்கத்தி கேட்டாள், வீட்டில் ஏதோ பிரச்னை போலிருக்கிறது என்று போன் செய்திருக்கிறார். நான் கத்தி வாங்கிய பிறகு போலீஸார் கடை நோட்டைப் பார்த்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் சண்டை பற்றி யாருமே எதுவும் சொல்லவில்லை.

கத்தியை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"டீக்கடையில குத்தின கத்தி இங்க வாங்கினது சேச்சி. நான்தான் எடுத்துக் குடுத்தேன். எதுக்குன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை கேக்கல. சேட்டன் கூட வந்தப்போ எனக்குச் சமாதானமாச்சு. ஸ்டேஷன்ல அதத் திரும்பச் சொல்ல விட்டுப்போச்சு."

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. கோபம் முழுசாகப் போகவில்லை. கையில் காயம் எப்படி என்று என்னையே கேட்டிருக்கலாமே என்றேன். அவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மதினி வாசலில் போய் நின்றேன்.

"மழையில ஏன் நிக்க? உள்ள வா. கத்தியக் குடுத்துட்டானுவளா?"

"மதினி, உங்களத்தான் நான் சந்தேகப்பட்டேன்."

"தெரியும். கொழாயடியிலயே தெரிஞ்சு போச்சு."

"பெறவு ஏன் போனீங்க?"

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்கு வேல போயிரும்ல."

விறகை உள்ளே தள்ளிவிட்டு, "ரெண்டு நா சோறு எறங்கல பிள்ள" என்றும் சொன்னார். அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை காப்பகத்துக்குத் திரும்பினேன். இப்போதும் செதுக்குகிறேன். கத்தி தேய்ந்து இன்னொன்று வாங்கப் போனபோது நோட்டில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கேள்விகள் இப்போதும் உறுத்தத்தான் செய்கின்றன. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஊரே முடிவு கட்டியது என்று பொருமியபடியே, பத்தொன்பது வருஷம் கூட இருந்த ஒரு மனுஷியை ஒரு வார்த்தை கேட்காமல் நானும் முடிவு கட்டினேனே, அந்த உறுத்தலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.