எலோதியா தராத நாய்க்குட்டி

குட்டி நாய்ச் சாதி ஒன்றுக்குத் தன் பேரைக் கொடுத்த சிவாவா பட்டணத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. எங்கே போய் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எதிரே இருப்பவர் கையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, "அந்தக் குட்டி நாய் ஊரா?" என்று சிரிப்பார். எங்கள் மலை, எங்கள் ஆப்பிள் தோட்டம், எங்கள் பாலாடைக்கட்டி எதற்கும் மதிப்பில்லை. எலோதியா அர்மெண்டாரிஸுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நாயைக் கேலி பண்ணுகிறார்களே என்றுதான்; ஊரைக் கேலி பண்ணினால் அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அவள் காருக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் இடுப்பு ஒடிய உழைத்து ஓய்ந்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மேட்டுத்தெருவில் இரண்டு அறை வீடு, இரண்டு தாய் நாய்கள். வருஷத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் விடமாட்டாள். "அதுவும் பொம்பளதானே, மிஷினா?" என்பாள்.

குட்டி வாங்க வருகிறவர்களை அவள் படுத்தும் பாடு அந்தத் தெருவுக்கே வேடிக்கை. தொலைபேசியில் எடுத்த எடுப்பில் "என்ன விலை?" என்று கேட்டால் வைத்துவிடுவாள். "அம்மாவப் பாக்கலாமா?" என்று கேட்டால் காப்பி போட்டு வைப்பாள். தாய் நாயைப் பார்க்காமல் குட்டி வாங்குகிறவனும் குழியைப் பார்க்காமல் நடக்கிறவனும் ஒன்று என்பது அவள் கட்சி. தாய் பயந்து பதுங்கினால் குட்டியும் பதுங்கும், தாயின் முட்டி நழுவினால் குட்டிக்கும் நழுவும். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்குக் குட்டியே கிடையாது. வந்தவர்களைத் தரையில் உட்காரவைத்துக் குட்டியின் உச்சிக்குழியில் விரலை வைத்துத் தடவச் சொல்வாள்.

"மெத்துன்னு இருக்கா? பயப்படாதீங்க, நோவு இல்ல. இந்த சாதிக்கே அப்பிடித்தான். ஆனா அந்த எடத்துல ஒரு இடி பட்டுச்சுன்னா முடிஞ்சுது கதை. இதக் கையில தூக்கிட்டு அலையப்போறது நீங்கதானே? யோசிச்சுக்கங்க."

பணக்காரப் பேட்டையிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்து, கோப்பைக்குள் அடங்குகிற குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

"கோப்பைக்குள்ள காப்பிதாம்மா அடங்கும். பால்குடி மறக்காததையும் நோஞ்சானையும் அந்தப் பேரச் சொல்லித் தலையில கட்டறானுங்க. உங்களுக்கு நாய் வேணுமா, சாவிக்கொத்து வேணுமா?"

அந்த அம்மாள் கிளப்பிய தூசி அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. பன்னிரண்டு வாரம் முடியாமல் ஒரு குட்டிகூட எலோதியாவின் வாசலைத் தாண்டியதில்லை. மேயரின் மச்சினன் வந்து கேட்டும் தாண்டவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் பிப்ரவரிப் புழுதிக்காற்றில் நிக்கான்த்ரோ வந்து நின்றான். தொழிற்சாலையில் அவள் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவன். அவன் மூத்த மகள் யாரெட்சிக்கு ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத்தாய் எலோதியா. அப்படிக் கைபிடித்த நாளிலிருந்து பிள்ளையின் தகப்பனும் ஞானத்தாயும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. அவள் அவனுக்குக் கொமாத்ரே, அவன் அவளுக்குக் கொம்பாத்ரே. கூடப்பிறந்தவர்கள் சண்டை போட்டுப் பிரியலாம், இந்த உறவு மட்டும் பிரியக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

யாரெட்சிக்குப் பதினைந்து வயது முடியப் போகிறது. பெண்ணுக்குப் பதினைந்து என்றால் எங்களுக்குக் கல்யாணத்துக்கு ஒரு படிதான் கீழே. பூசை, கவுன், பாண்டு, முந்நூறு பேருக்குச் சாப்பாடு. கேக்குக்கு ஒரு ஞானத்தாய், செருப்புக்கு ஒரு ஞானத்தாய் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் ஏற்றுக்கொள்வார்கள். நடுவிலே கடைசிப் பொம்மை. இனி நீ குழந்தையில்லை என்று சொல்லித் தகப்பன் மகளுக்குக் கடைசியாக ஒரு பொம்மை தருவான். அவள் அதோடு ஆடி முடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, வரிசையில் நிற்கும் சின்னப் பெண்கள் பக்கம் வீசுவாள்.

"பொம்மைக்கு ஞானத்தாய் நீங்கதான், கொமாத்ரே. முடிவே பண்ணிட்டேன். ஆனா பொம்ம வேணாம், இந்தக் காலத்துப் புள்ளைங்க பொம்மையத் தொடுதா? நாய்க்குட்டியா குடுத்துடலாம். போன மாசம் சலோமே மக விழாவுல அப்பிடித்தான் குடுத்தாங்க. அத்தன பேரும் அழுதுட்டாங்க, வீடியோ பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். நாய்க்குட்டியும்தான் அழுதுச்சு, அத ஒருத்தரும் பாக்கல."

நிக்கான்த்ரோ சிரித்தான். இது எலோதியாவின் வழக்கமான கடி என்று நினைத்தான். தாய் நாய் கனேலா நிறைசினையாக அடுப்போரம் படுத்திருந்தது. எலோதியா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"விழா அன்னைக்கு இதோட குட்டிங்களுக்கு அஞ்சு வாரம். பல்லுகூட ஒழுங்கா மொளச்சிருக்காது. முடியாது, கொம்பாத்ரே."

"ஒரு நாள்தானே? காமிச்சுட்டு சாயங்காலமே கொண்டாந்து விட்டுடறேன்."

"வாடகைக்கு விட இது என்ன நாற்காலியா? தடுப்பூசி போடாத குட்டிய முந்நூறு பேரு கை மாத்தி மாத்திக் கொஞ்சுவாங்க. ட்ரம்பெட் சத்தத்துல அதுக்கு ஈரக்கொல நடுங்கும். ரெண்டு வேள பால் குடிக்கலன்னா சக்கரை எறங்கி சுருண்டுடும். பன்னண்டு வாரம் முடிஞ்சு வாங்க. குட்டி உங்களுக்குத்தான், ஒரு பைசா வேணாம்."

"அப்ப நானும் வாசல்ல நிக்கற கண்டவனும் ஒண்ணா?"

"கண்டவனா இருந்தா இந்நேரம் கதவச் சாத்தியிருப்பேன்."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். "கவுன் துணியிலயே குட்டிக்கும் சட்டை தைக்கக் குடுத்தாச்சு. வீடியோக்காரனுக்கும் சொல்லியாச்சு. உங்களுக்கு மனசு இல்லன்னா பொம்மைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

யாரெட்சி பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் எலோதியா. அந்தப் பெண்ணுக்காகவே தன் சம்பளத்தில் பாதியைக் கவுனாகவும் காதணியாகவும் ஆக்கியவள். அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே வீடு அந்த வீடு. அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை.

விழா மார்ச் கடைசியில், சனிக்கிழமை பகலில். கோயில் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். எலோதியாவுக்குக் கடைசி வரிசையில், சமையலறைக் கதவை ஒட்டி, யாருக்கும் முகம் தெரியாத தூரத்து உறவுகளோடு இடம் போட்டிருந்தார்கள். மிளகாய்ச் சாந்தில் வெந்த பன்றிக்கறி வந்தது. அவள் தொடவில்லை. நிக்கான்த்ரோ மண்டியிட்டு மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி உயர்ந்த குதிகால் செருப்பை மாட்டினான். கூட்டம் கைதட்டியது. பிறகு எலோதியாவுக்குப் பதிலாகப் பொம்மைக்கு ஞானத்தாய் ஆகியிருந்த அவன் கொழுந்தியாள் பிரியான்தா இளஞ்சிவப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மூடியைத் திறந்ததும் யாரெட்சி வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள். எலுமிச்சம்பழத் தலையும் கவுன் துணிச் சட்டையுமாக ஒரு குட்டி. பாண்டு உச்சத்துக்குப் போனது. அவள் குட்டியை நெஞ்சோடு அணைத்து ஆடினாள், கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, வீடியோக்காரன் சுற்றிச் சுற்றி வந்தான். எலோதியா ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து எடுத்தபோது குட்டி வெடவெடவென்று நடுங்கியது. இப்போது நடுங்கவில்லை. தலை தொங்குகிறது.

அப்போதுதான் மைக் பிடித்து விழா நடத்துகிறவன், வாரா வாரம் நாலு விழாவுக்குப் போய்ப் போய் வாய் பழகிப்போன மடையன், அடி வயிற்றிலிருந்து கத்தினான்:

"சின்னப் பொண்ணுங்க எல்லாம் வாங்க, வாங்க! நம்ம ராணி இப்ப கடைசிப் பொம்மைய வீசப் போறாங்க! யாரு பிடிக்கப் போறது?"

இருபது பெண்குழந்தைகள் பாய்ந்தார்கள். குதித்தார்கள், கையை நீட்டினார்கள், "எனக்கு! எனக்கு!" என்று கூவினார்கள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நிக்கான்த்ரோவும் சிரித்துக்கொண்டே, "வீச வேணாம்மா, தங்கச்சி கையில குடு!" என்றான். தானா என்கிற அந்த நாலு வயதுத் தங்கை அக்காவின் கவுனைப் பற்றிக்கொண்டு ஏறவே ஆரம்பித்துவிட்டாள். யாரெட்சி குட்டியை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். புதுக் குதிகால் தடுமாறியது.

எலோதியா எழுந்தாள். ஆடுகிற இடத்தின் நட்டநடுவே, முந்நூறு பேர் பார்க்க, தொழிற்சாலை மணி அடித்ததுபோல விறுவிறுவென்று நடந்தாள். அந்த நடையைப் பார்த்து அக்கார்டியன்காரன் தானாகவே நிறுத்திவிட்டான்.

"குடு கண்ணு."

"மத்ரினா, இது அசையவே மாட்டேங்குது," என்றாள் யாரெட்சி. ஞானத்தாயை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். குட்டியை யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

எலோதியா குட்டியின் சட்டையைக் கிழித்தெறிந்து அதைத் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். காப்பி மேஜையில் இருந்த சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஈறில் தடவினாள்.

"எலோதியா!" நிக்கான்த்ரோவின் குரல். கொமாத்ரே இல்லை, வெறும் பேர். பக்கத்து மேஜைக்காரர்கள் மூச்சை இழுத்தது கேட்டது. "என் மக விழாவ ஏன் நாசம் பண்றீங்க? படம் ஓடிட்டு இருக்கு!"

"ஓடட்டும். எத்தன வாரக் குட்டின்னு சொல்லி வித்தான்?"

"பன்னண்டு."

அவள் குட்டியின் உதட்டைப் பிரித்தாள். "இதுல பல்லு எங்க, காட்டுங்க பாப்போம். அம்மாவப் பாத்தீங்களா?"

"கார் நிறுத்தற எடத்துல வச்சு வித்தவன்கிட்ட அம்மா எப்பிடி இருக்கும்?"

"அதான்."

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். "நாங்க வாங்கின நாய்!" என்று பிரியான்தா பின்னாலிருந்து அலறினாள்.

"போலீசக் கூப்பிடு. அவங்க வர்றதுக்குள்ள இதுக்கு இன்னொரு வாய் சக்கரத் தண்ணி குடுத்துடுவேன்."

குட்டியைக் கனேலாவிடம் அவள் விடவில்லை. எந்த நோயோடு வந்திருக்கிறதோ, தன் குட்டிகளுக்கும் தொற்றினால்? குளியலறையில் தனிப் பெட்டி, தனித் துணி, உள்ளே போய்வந்தால் உடுப்பு மாற்றிக் கைகழுவல். பால்மாவைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். குட்டி இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடந்து, ஒரு காலையில் அவள் செருப்பைக் கடித்தது. எலோதியா குளியலறைத் தரையில் உட்கார்ந்து அதைத் திட்டித் தீர்த்தாள், சந்தோஷத்தில்தான்.

வெளியே அவள் பேர் நாறியது. வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. ரொட்டிக்கடை வரிசையில், "பாத்து, பொம்மைத் திருடி வர்றா, புள்ளைங்களப் பிடிச்சுக்கங்க," என்றார்கள். "நாய்க்காக உறவ வெட்டிட்டா பாரு," என்றார்கள். அவள் தன் ரொட்டியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். நிக்கான்த்ரோ வீட்டு வழியாக மட்டும் போகமாட்டாள். அந்த ஜன்னலைத் தாண்டும் தைரியம் அவளுக்கு இல்லை.

மே மாதத்தில் கனேலாவின் குட்டிகள் நல்ல வீடுகளுக்குப் போய்விட்டன. இந்தக் குட்டிக்கும் ஊசி போட்டாயிற்று, உடம்பு தேறிவிட்டது. எலோதியா ஒரு பையில் தீனியும், குட்டி படுத்த கம்பளித் துண்டும், சர்க்கரை இறங்கினால் ஈறில் தடவ ஒரு சின்னப் புட்டி தேனும் எடுத்து வைத்தாள். யாரும் வரப்போவதாகச் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நிக்கான்த்ரோ. துவைத்துத் தேய்த்த சட்டை, கையில் இனிப்பு ரொட்டிப் பொட்டலம்.

"கொமாத்ரே," என்றான். தொப்பியைக் கழற்றினான்.

"உள்ள வாங்க கொம்பாத்ரே. கீழ உக்காருங்க, அதுவா வரட்டும்."

அவன் தரையில் உட்கார்ந்தான். குட்டி அவன் பூட்ஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தது. அவன் விரல் நுனியால், பயந்து பயந்து, அதன் தலையைத் தடவினான். எலோதியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பை கதவோரம் தயாராக இருந்தது. எல்லாரிடமும் கேட்கிறதைக் கேட்டுவிட்டால் முடிந்தது. இவனிடம் கேட்காமல் விட்டால் மற்றவர்களிடம் கேட்க அவளுக்கு என்ன யோக்கியதை?

"பகல்ல வீட்ல யாரு இருப்பா?"

நிக்கான்த்ரோ கயிற்றை விடுவித்துக்கொண்டிருந்தான். கை நின்றது. பொய் சொல்வதற்கு அரைக் கணம் போதும். மனைவி இருப்பாள் என்று சொன்னால் போதும். எத்தனையோ பேரின் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்தவள் எலோதியா. வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரில் இருப்பவன் ஒரு பொய் சொல்லிவிட மாட்டானா, தானும் நம்பிவிட மாட்டோமா என்று ஏங்கினாள்.

"யாரும் இல்ல, கொமாத்ரே. நாங்க ரெண்டு பேரும் தொழிற்சாலையில. யாரெட்சி பள்ளிக்கூடம் விட்டு வர மூணு ஆயிடும். அவளோட வர்ற சின்னவ தானாவ நம்ப முடியாது, கையில எத எடுத்தாலும் கீழ போடறா." அவன் குட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். "யாரெட்சிதான் சொல்லி அனுப்பினா. மத்ரினா கேப்பாங்க, உள்ளத உள்ளபடி சொல்லிடுங்கப்பா, பொய் சொல்லி வாங்கிட்டு வந்தா எனக்கு வேணாம்னா."

"அழுதாளா?"

"இன்னும் அழுதுட்டுத்தான் இருக்கா."

அவன் எழுந்தான். இனிப்பு ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டான். வாசலில் நின்று, "அவ வந்து பாத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டான்.

"அவ வீட்டுக்கு அவ வர யாரக் கேக்கணும்? போய் அனுப்புங்க."

அவன் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்த கம்பளித் துண்டை எடுத்து மறுபடியும் பெட்டியில் விரித்தாள், தேன்புட்டியை அலமாரியில் வைத்தாள். கேட்டது சரியான கேள்விதான். வந்ததும் சரியான பதில்தான். எலோதியா குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் வந்து சேர்வதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக அழுதாள்.