சந்தனம் ஒட்டிய தோலுறை

கராஜ் சுவரில் ஒரு பழைய தோலுறை தொங்குகிறது. இப்போது அதற்குள் இருப்பது ரோசாச் செடி வெட்டும் கத்தரிக்கோல். மூடியைத் திறந்தால் இன்றைக்கும் துப்பாக்கி எண்ணெய் மணக்கும். அந்த மணத்துக்கு நெஞ்சு ஒருமுறை திடுக்கிடும். முருகா என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

எழுபதுகளில் நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்த புதிதில், என் கணவர் ரயில் பட்டறையில் வேலை செய்தார். அதிகம் கதைக்காத மனிதர். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் அவரைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் அவருக்குத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. பொலிஸ் அனுமதி எடுத்து, ஜேர்மன் இராணுவம் போரில் பாவித்துக் கழித்த கைத்துப்பாக்கி ஒன்றை இந்தத் தோலுறையோடு வாங்கி வந்து குசினி மேசையில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இது எத்தினை பேரின்ர உயிரைக் குடிச்சதோ? சாமி இருக்கிற வீட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கிறியள்!" என்றேன்.

"அதுவும் எங்களை மாதிரி ஊரை விட்டு வந்ததுதானப்பா. இருந்திட்டுப் போகட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெல்பேர்ணின் கேரம் டவுன்ஸில் கோயில் எழும்ப அப்போது இன்னும் கனகாலம் இருந்தது. எங்கள் அலுமாரியின் மேல்தட்டுதான் கோயில். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டிக்கு அதே அலுமாரியின் அடித்தட்டுத்தான் கிடைத்தது. மேலே முருகன், கீழே துப்பாக்கி. விளக்கேற்றும்போது கண் தானாகக் கீழே போகும், தேவாரம் பாதியில் மறந்துவிடும். சனிக்கிழமைகளில் அவர் கிளப்புக்குப் போனால், கார்ச் சத்தம் கேட்கும்வரை யன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன். யாரோ செய்த பாவம் என் பிள்ளைகளின் தலையில் விடிந்துவிடுமோ என்ற பயம். வித்துவிடுங்கோ என்று நான் கேட்காத கிழமை இல்லை. அவரோ ஞாயிறு பின்னேரம் பேப்பரை விரித்து, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து, தனக்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பார்.

ஆயுதபூசை வந்தது. தையல் மெஷின், ஸ்பானர், கார்த் திறப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். குண்டில்லாத துப்பாக்கியை உறையோடு கொண்டுவந்து நின்றார்.

"இஞ்சாரும், இதுக்கும் ஒரு பொட்டு வையுமன்."

"உதுக்கோ? விசரே உங்களுக்கு?"

"தையல் மெஷினுக்கு வைக்கிறீர். உண்மையான ஆயுதம் இந்த வீட்டில இது ஒண்டுதான்!"

கண்ணை மூடிக்கொண்டு பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதை மேல்தட்டில் முருகனுக்கு முன்னால் படைத்ததும், அலுமாரியைப் பூட்டித் திறப்பை அவரே வைத்துக்கொண்டார்.

படைத்த சாமான்களை விஜயதசமிப் பூசை முடியும்வரை எடுக்கக் கூடாது. அடுத்த நாள் பின்னேரம்தான் பூசை. அன்று காலையிலோ, அவர் வருடம் முழுக்கக் காத்திருந்த கிளப் போட்டி. எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால், வெள்ளைச் சட்டை போட்டபடி அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருக்கிறார்.

"போகேல்லையே?"

"படைச்சதை எப்பிடி எடுக்கிறது? விடும், அடுத்த வருசம் பாப்பம்."

இத்தனை மாதமும் நான் வேண்டியது இதைத்தானே! ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு இருக்கேலாமல் போய்விட்டது. ஓடிப்போய்க் குளித்து, ஈரத் தலையோடு அவல் குழைத்து, அவரிடம் திறப்பை வாங்கி அலுமாரியைத் திறந்து படைத்து, அப்போதே கற்பூரம் கொளுத்தினேன். கோவிக்காதை முருகா, இன்றைக்குக் கொஞ்சம் முந்திவிட்டேன் என்று கும்பிட்டேன். துப்பாக்கியை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். இரும்பு சில்லென்றிருந்தது.

"கெதியாப் போங்கோ, பிந்தப் போகுது."

அவர் வெல்லவில்லை. கிளப்பில் எல்லோரும் பொட்டைப் பார்த்து, இதென்ன புது மொடலோ என்று கேட்டார்களாம்.

"துடைச்சிருக்கலாமே?" என்றேன்.

"மனிசி வைச்ச பொட்டு, துடைச்சா வீட்டில அடி விழும் எண்டனான்."

அவர் காலமானபின் துப்பாக்கியை மகன் பொலிஸில் ஒப்படைத்தான். உறையை நான் கொடுக்கவில்லை. உள்பக்கத்தில் சந்தனம் ஒட்டிய இடம் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. சனிக்கிழமைகளில் இப்போதும் கால் என்னை யன்னலடிக்குக் கொண்டுபோகும். ஒரு காரும் வராது. பிறகு கராஜுக்குப் போய், உறையிலிருந்து கத்தரிக்கோலை உருவி, முருகனுக்குப் பூ வெட்டுவேன்.