ஜெசீமா வளவுக் கடப்பு

காலை ஏழு மணிக்குக் கொழும்பில் ஏறிய பஸ், பதினொன்றேகாலுக்குப் பாலாவிச் சந்தியில் என்னை உதிர்த்துவிட்டுப் புத்தளம் பக்கம் போனது. நூற்று முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரம்தான். ஆனால் சிலாபம் தாண்டும்வரை நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளவத்தையில் எங்கள் சின்னத் தெருவுக்கு, ஒழுங்கைக்கு, நடைபாதை கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன் நான். இங்கே ஒரு குடியிருப்பில் சனங்களே உட்கார்ந்து தங்கள் நடைபாதையைத் திட்டமிடுகிறார்கள், வந்து பாருங்கள் என்று நண்பர் நவாஸ் கூப்பிட்டிருந்தார். ஆசை யாரை விட்டது?

சந்தியிலிருந்து ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

"நடக்கிறதுக்குக் கூட்டமா? கால் இருந்தாக் காணாதா?" என்று, நான் வந்த காரியத்தைக் கேட்டுச் சாரதி சிரித்தார்.

குடியிருப்பின் ஒழுங்கைக்குள் திரும்பியதும் எதிரே உப்பு லொறி ஒன்று வந்து எங்களைச் சாக்கடையோரம் ஒதுக்கியது. அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் குடியிருப்பு அது. நவாஸ் அப்போது கைக்குழந்தை. இப்போது பாடசாலை ஆசிரியர். கிடுகுக் கொட்டில்கள் எல்லாம் கல்வீடுகளாகிவிட்டன. வேலி இருந்த இடத்தில் தகரம். அந்தத் தகரத்திலும், வீட்டைச் சுற்றிய வளவுக்கு வளவு, ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதன் பெயர் கடப்பு.

பின்னேரம் நாலரைக்கு, அஸர் தொழுகை முடிந்ததும், பொது மண்டபத்தில் கூட்டம் தொடங்கியது. மின்விசிறி ஓடவில்லை. திட்ட உத்தியோகத்தர் சுவரில் பெரிய வரைபடத்தை ஒட்டி, ஆளுக்கொரு நிறப் பேனை கொடுத்தார். தினமும் நடக்கிற வழியைக் கோடு போட வேண்டும். ஆண்கள் ஒழுங்கையோடு நேராகக் கோடு போட்டுவிட்டு வந்து கதிரையில் அமர்ந்தார்கள். பெண்கள் எழுந்து போய் வீடுகளை ஊடறுத்துப் போட்டார்கள். கடைசியில் பார்த்தால், அவ்வளவு கோடும் நடுவில் ஒரே வளவுக்குள் போய்க் குவிந்திருந்தது.

"அது ஜெசீமா ராத்தாட கடப்பு. லொறியும் இல்ல, வெள்ளமும் இல்ல. பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி, கடை எல்லாத்துக்கும் அதாலதான் போற" என்றார் நவாஸின் மனைவி. ராத்தா என்றால் அங்கே அக்கா.

உத்தியோகத்தருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு பாதைக்குத்தான் பணம் இருக்கிறது, அதை இதற்கே செலவிடலாம், கல் பதித்து விளக்கும் போடலாம் என்றார். மண்டபம் கை தட்டியது.

பின்வரிசையில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் எழுந்தார். ஜெசீமா அவர்தான்.

"வெளக்குமா? என்ட குசினி வாசல்லயா? முப்பது வருசமா கிணத்தடியில நிம்மதியாத் தல முழுகினதில்ல. சட்டியத் தெறந்தா, என்ன ஆணம், என்ன கறி எண்டு நாலு பேர் எட்டிப் பாக்கிற. ஒழுங்கைய நடக்கிற மாதிரி செஞ்சீங்கண்டா நான் கடப்ப அடைச்சு மதில் கட்டுவன். அதுக்குத்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்த."

எல்லாரும் ஒன்றாக வாய் திறந்தார்கள். மாரியில் ஒழுங்கை முழங்கால் வெள்ளம் என்றார் ஒருவர். "ஊரோட ஒத்துப் போங்க ராத்தா, நன்மதானே" என்றார் இன்னொருவர். வளவுக்காரியின் சம்மதம் இல்லாமல் முடியாது என்று உத்தியோகத்தர் சொன்னதும் அத்தனை கண்களும் ஜெசீமாவின்மேல் விழுந்தன. கோபம் இல்லாத, பழகிய கண்கள். அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்றன்" என்று உட்கார்ந்தார்.

வாசலில் பிளேன்டீ குடிக்கும்போது அவரிடம், "நீங்கள் சொன்னதுதான் நியாயம்" என்றேன்.

"அப்புடிச் சொல்ல வெளியூர் ஆள்தான் வேணும்" என்றார்.

இரவு நல்ல மழை. காலை ஆறு மணிக்கு நான் பஸ் பிடிக்க வேண்டும். ஒழுங்கை குளமாகிக் கிடந்தது. போதாததற்கு ஒரு லொறியும் உறுமிக்கொண்டிருந்தது. என் முழங்காலைப் பார்த்த நவாஸ், "இதால வாங்க, கிட்ட" என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். எந்த வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் வெள்ளத்தில் இறங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது கடப்பில் குனிந்து நிமிர்ந்தபோது எதிரே கிணற்றடி. ஈரத் தலையோடு நின்ற ஜெசீமா சட்டென்று முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"நீங்களுமா?" என்றார்.

வெட்கத்தில் தலை குனிந்துகொண்டேன்.

"பாத்து வாங்க. அந்தக் கல்லு வழுக்கும்" என்றார் ஜெசீமா.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் தூக்கம் வரவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் மதிலின் மேல் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கிறோம். எங்கள் வளவு வழியாக யாரும் நடப்பதில்லை. அடுத்த வீட்டில் என்ன சமையல் என்று இருபது வருடமாக எனக்குத் தெரியாது.

ஜெசீமா வீட்டில் அன்று காலை கருவாட்டு ஆணம்.