ஏறுமுகம் யாருடைய முகம்?

பங்குத் தரகு என்பது அடுத்தவர் ஆசைக்கும் பயத்துக்கும் டெலிபோன் எடுத்துக் கொடுக்கிற வேலை. மில் பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு விளக்கவா வேண்டும்? அறுபதுகளில் திருப்பூரில் ஒரு பஞ்சு மண்டி மாடியில் என் ஆபீஸ். டெலிபோன், கரும்பலகை, நீளமான பெஞ்சு, அவ்வளவுதான். ஏறுமுகம் என்றால் வாங்குங்கள், இறங்குமுகம் என்றால் விற்றுவிடுங்கள், சந்தையோடு மல்லுக்கு நிற்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுவேன்.

சென்னியப்பன் கேட்டது

சென்னியப்பன் ஒற்றை மெஷினில் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தவர். கோயமுத்தூர் மில் ஒன்றின் பங்கு தினமும் ஏறுவதைப் பலகையில் பார்த்துப் பார்த்து, மெஷினை முதலிபாளையத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு வந்து நின்றார். சோறு போடுகிற மெஷினாச்சே! இறங்க ஆரம்பித்தால் முதலில் உங்களுடையதைத்தான் விற்பேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிப் போட்டேன்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ஏறுமுகம் ஏறுமுகம்ங்கறீங்களே, அது யாரு மொகமுங்க?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

டிரங்க் கால்

விலை கேட்க தினமும் கோயமுத்தூருக்கு டிரங்க் கால் போடுவேன். அங்கே தரகர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் சொல்வார், நான் பலகையில் எழுதுவேன். கோயமுத்தூரில் வாங்குகிறார்களே என்று பெஞ்சில் இருப்பவர்களும் வாங்குவார்கள்.

ஒருநாள், இந்த ஏறு ஏறுகிறதே, மில்லில் என்ன விசேஷம் என்று குமாஸ்தாவைக் கேட்டேன். லைன் இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது: "விசேஷம் ஒண்ணுமில்லீங்க. திருப்பூர்ல வாங்கறாங்கன்னுதானுங்க இங்க வாங்கறாங்க."

கோட்டுக்காரர்

அந்த வாரத்திலிருந்து பெஞ்சின் ஓரத்தில் பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து உட்கார ஆரம்பித்தார். பேசமாட்டார், வாங்கமாட்டார். அவர் யாரோ பெரிய இடத்து ஆள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் போனில் இருக்கும்போது அவர் தலை அசையும். அசைந்தால் பெஞ்சு முழுக்க வாங்கும்.

வானம் மூட்டமாக இருந்த ஒரு மத்தியானம் அவர் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். உடனே எல்லோரும் ஒரே குரலில், "வித்துப்போடுங்க!" சென்னியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். லைன் கிடைக்கவே இல்லை. வெகு நேரம் கழித்துக் கிடைத்தது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை. குமாஸ்தா முந்திக்கொண்டார்: "திருப்பூர் விக்குதாமேங்க? இங்க வாங்க ஆளே இல்லீங்க!"

அவிநாசிபாளையத்தில்

பல மாதம் கழித்து அவிநாசிபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது அதே கோட்டைப் பார்த்தேன். ஓடிப்போய் மறித்தேன். ஆள் மூலனூர் முருங்கைக்காய் வியாபாரி! பங்கு என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை.

"காய் வித்துட்டு அங்க வெயிலுக்கு ஒதுங்குவேனுங்க. எல்லாரும் என்னையவே பாத்தீங்களா, பயமாப் போச்சு. நீங்க போனைப் புடிச்சுட்டுத் தலையாட்டுவீங்க, மருவாதிக்கு நானும் ஆட்டுனேன். அன்னைக்கு மேகம் மூடிருச்சு, கெளம்பிட்டேனுங்க."

அதே மெஷின்

பங்கில் போட்ட பணமெல்லாம் போய், சென்னியப்பன் அப்போது முதலிபாளையத்துக்காரரிடம் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தது தான் விற்ற அதே மெஷினை. மனசு கேட்காமல் போய், வியாபாரி சொன்னதைச் சொன்னேன். பெஞ்சு கோட்டுக்காரரைப் பார்த்தது, கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் கோயமுத்தூரைக் கேட்டேன், கோயமுத்தூர் பெஞ்சைப் பார்த்தது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப, அது உங்க மொகந்தானுங்களா?"

சந்தை போகிற பக்கமே போங்கள் என்று இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், சவரத்துக்குக் கண்ணாடி பார்க்கிற நேரம் தவிர.