நான் எழுதிய ஆறாதனை

சபைக்கு ஒரு தரிசனம் வேண்டும் என்றார் ஆயர். இன்னும் பத்து வருடத்தில் நம் சபை எப்படி இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, காணிக்கைப் பையில் போடச் சொன்னார். நான் அன்று ஆராதனையில் இல்லை. என் மனைவிதான் எனக்கும் ஒரு சீட்டு வாங்கி வந்தாள்.

எந்த ஞாயிறும் நான் இருப்பதில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆள் நான். காலை ஷிப்ட், ஆறு முதல் இரண்டு வரை. ஞாயிறும் வேலை உண்டு. ஒன்பது மணிக்கு ஆராதனை நடக்கும்போது உலை முன்னால் நிற்பேன். ராப்போஜனம் என்று நாங்கள் சொல்லும் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சீட்டில் எழுதினேன்: ‘சாயங்காலம் ஒரு ஆறாதனை வேண்டும். ஷிப்ட் ஆட்கள் வர முடியும்.’ ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. எந்த ‘ர’ எங்கே வரும் என்பது எனக்கு எப்போதும் குழப்பம்தான். பெயர் எழுதவில்லை.

சீட்டுகளை வாசிக்க ஞாயிறு மாலை கூட்டம் வைத்தார்கள். அதனால் நானும் போக முடிந்தது. செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். கோபுரம், ஏசி, பெரிய திரை. விளக்கு போட்ட சிலுவை ஹைவேயில் புதுவாயல் மேம்பாலத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பிறகு என் சீட்டு வந்தது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“ஆறாதனையாம்! பெரிய ‘ற’ போட்டுக்கீறாரு. இன்னாது, சூடு ஆறாமயே இருக்குமா? யாருப்பா எழுதுனது? எழுந்து நில்லுங்க, பாக்கலாம்.”

சபையே சிரித்தது. உலை அனலில் எட்டு மணி நேரம் நிற்கிற என் கால்கள் அப்போது எழுந்திருக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

எழுந்தது, கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் ஓர் அக்கா.

“இன்னா சிரிப்பு உங்களுக்கு? சரியாத்தான் எழுதிக்கீறாங்க. ஆறு மணிக்கு வெய்யுங்க. நானும் வேலைய முடிச்சுக்கினு வருவேன்.”

“கோபுரம்தாம்மா தரிசனம். நாலு பேரு பாக்கணும்ல,” என்றார் செயலாளர்.

“ஹைவேல போறவன் பாக்கறதுக்கா? உள்ள கீறவங்கள யாரு பாக்கறது? நான் ராப்போஜனம் எடுத்து எத்தினி மாசம் ஆச்சு, சொல்லு பாக்கலாம்!”

செயலாளருக்குத் தெரியவில்லை. ஆயருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிலுவை எத்தனை அடி உயரம் என்று தெரிந்திருந்தது அவர்களுக்கு.

பின் வரிசையில் ஒரு செக்யூரிட்டி எழுந்தார். அடுத்து பஸ் கிளீனர் ஒருவர், லோடிங் ஆட்கள், அவர்கள் மனைவிமார். கடைசியில் நானும் எழுந்தேன். அப்போது என்னை யாரும் பார்க்கவில்லை.

ஆயர் ஆறு மணி ஆராதனைக்குச் சம்மதித்தார். திருவிருந்து மட்டும் காலையில்தானாம். இரண்டு வேளை கொடுத்தால் சபை இரண்டாகிவிடும் என்றார் செயலாளர். ஏற்கெனவே இரண்டாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது.

இப்போது ஆறு மணிக்குப் போகிறேன். பாடுகிறேன், ஜெபிக்கிறேன், அப்பமும் ரசமும் இல்லாமல் வீடு திரும்புகிறேன். வாசல் பலகையில் செயலாளர் ஒவ்வொரு வாரமும் சாக்பீஸால் ‘மாலை 6 மணி ஆராதனை’ என்று எழுதி வைக்கிறார். ஒவ்வொரு வாரமும் யாரோ அந்த ‘ரா’வை அழித்து ‘றா’ ஆக்கிவிடுகிறார்கள். யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நான்தான். இந்தத் தடவை எந்த ‘ற’ என்று தெரிந்தே எழுதுகிறேன். மாலையிலும் திருவிருந்து கொடுக்கிற வரைக்கும் எழுதுவேன்.