அக்கா சொல்லாத முப்பத்தாறு

காலை ஒன்பது பத்துக்கு போன் அடித்தது. அக்காவுக்காகப் பரீட்சை எழுத வேண்டிய அஸ்தினாபுரத்துப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. தாம்பரத்தில் பத்து மணிக்குத் தேர்வு. பார்வையில்லாதவர்களுக்கு, பேசும் கம்ப்யூட்டரில் வேலை கற்றுத்தரும் பயிற்சி அது. அதில் சேர்ந்துவிட்டால் வேலை நிச்சயம் என்று ஒரு வருடமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அக்கா பதில் சொல்வாள், கூட இருப்பவர் எழுத வேண்டும். எழுதுபவர் அவளைவிடச் சின்ன வகுப்பில் படிக்க வேண்டும் என்பது விதி. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏழாவது.

சிட்லபாக்கத்திலிருந்து ஆட்டோ பறந்தது. “அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதடி” என்றாள் அக்கா. எனக்கோ உலகத்தையே காப்பாற்றப் போகிற குஷி.

இருநூற்று நாற்பதில் பதினைந்து சதவீதம் எவ்வளவு என்றொரு கேள்வி. படபடப்பில் அக்கா “முப்பத்திரண்டு” என்றாள். எங்கள் வகுப்பில் அந்த வாரம்தான் சதவீதம் நடத்தியிருந்தார்கள். முப்பத்தாறு என்று எழுதிவிட்டு, பெருமையில் கால் தரையில் பாவாமல் வெளியே வந்தேன்.

பயிற்சி நடத்தும் சாருக்கும் பார்வை கிடையாது. தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். “சதவீதத்த மனசுலயே போட்டியாம்மா? முப்பத்தாறு, கரெக்ட்.”

“நான் முப்பத்திரண்டுன்னுதானே சார் சொன்னேன்!”

எழுதுபவர் பதிலை மாற்றினால் தாள் செல்லாதாம். “சின்னப் பொண்ணு சார், தெரியாம பண்ணிட்டா” என்று அம்மா கெஞ்சினாள். அக்கா கெஞ்சவில்லை. “வேற தாள் குடுங்க சார். வேற ஆள் எழுதட்டும்.” அவர் சரியென்றார்.

வராந்தாவில் அம்மா என்னைக் கிள்ளிய இடம் இன்னும் எரிவதுபோல் இருக்கிறது. என் மகளின் கணக்கு நோட்டில் கை வைக்கப் போகும்போதெல்லாம் இன்றும் கையை இழுத்துக்கொள்கிறேன். அன்றோ, ஒரு மார்க் கூடுதலாக வாங்கிக் கொடுத்ததற்கு ஏன் இத்தனை கோபம் என்று விம்மிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, குச்சி சுவரில் இடிக்க இடிக்க, அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் கத்திச் சொன்னதைக் கேட்டபோது, தப்புக்கு ஒருத்தி ஏன் இப்படிப் பூரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

“மூணு தப்புடி! மூணும் என்னுது! சீட் கெடச்சிருச்சு!”